கோயம்பேட்டின் இரவைப் படம் எடுக்க

சென்னையின் இரவைப் படம் எடுக்க வருகிறவர்களில் பலர் மேம்பாலத்து விளக்குகளோடு திரும்பிவிடுகிறார்கள். ஊர் தூங்கும்போது அதன் மறுநாள் சமையலுக்காக விழித்திருப்பவர்களை எடுக்க விரும்பினால் கோயம்பேடு காய்கறி அங்காடிக்கு வாருங்கள். ஆறு வருடங்களாக வாரத்தில் ஓர் இரவை அங்கேதான் கழிக்கிறேன்.

முதல் இரவு கேமரா வேண்டாம். டீக்கடை ஓரமாக நின்று பாருங்கள். கர்நாடகத்துத் தக்காளியும் நாசிக் வெங்காயமும் நீலகிரி கேரட்டும் லாரி லாரியாக வந்து இறங்கும். 1996இல் சந்தை கொத்தவால் சாவடியிலிருந்து இடம் மாறியபோது கூடவே வந்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். தென் மாவட்ட பஸ்கள் கிளாம்பாக்கத்துப் புதிய பஸ் நிலையத்துக்குப் போனபின் அருகிலுள்ள பஸ் நிலையத்தில் இரவுக் கூட்டம் குறைந்துவிட்டது. சந்தைக்கு மட்டும் ஓய்வில்லை. அங்காடி நிர்வாக அலுவலகத்திலும் முன்னதாகச் சொல்லிவையுங்கள்.

பிளாஷ் கூடவே கூடாது. தரையெங்கும் முட்டைக்கோஸ் இலையும் தண்ணீரும். மூட்டையோடு வருகிறவரின் கண் ஒரு கணம் கூசினாலும் கால் வழுக்கிவிடும். எனக்கு 35 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 போதுமானதாக இருக்கிறது. படம் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும். ஷட்டரில்தான் கவனம் வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 அல்லது 1/50 நொடி என்று வைத்தால் தப்பிக்கலாம். கைப்பேசியின் இரவு வசதி பல படங்களை ஒன்றாக்குவதால், நடப்பவர் புகைபோலக் கலைந்துவிடுவார். நிற்பவர்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

முகங்களையே தேடாதீர்கள். மூட்டைக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாட்டைப் பாருங்கள். எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் பழைய சேலைத் துணியை முறுக்கிச் சுற்றி வைத்திருக்கிறார். நடுவில் அவருடைய உச்சந்தலையின் அளவுக்கே ஒரு குழி. வேறு யார் தலையிலும் அது பொருந்தாது. மூட்டையை இறக்கியதும் அதை எடுத்து ஒருமுறை உதறி, முகம் துடைத்து, மறுபடி தலையில் வைப்பார். அந்த உதறலை எடுக்க எனக்கு நான்கு வாரம் பிடித்தது.

தூங்குகிறவர்களை எடுக்காதீர்கள். தொடக்கத்தில் நான் எடுத்தேன். வெங்காய மூட்டைகளின்மேல் படுத்திருந்த இளைஞர் ஒருவரின் படம் பத்திரிகையில் வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். கடையில் கணக்கு எழுதுவதாக அவர் ஊரில் சொல்லியிருந்தாராம். படம் அவருடைய அம்மாவின் கைக்குப் போயிருக்கிறது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா" என்றார் அந்த இளைஞர். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதெல்லாம் விழிக்கும்வரை காத்திருந்து கேட்கிறேன். வேண்டாம் என்றால் அந்தப் படம் இல்லை, அவ்வளவுதான்.

எடுத்த படங்களைத் தாளில் அச்சிட்டு அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள். கைப்பேசியில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோகாதீர்கள். கொடுக்கும்போது அவசரப்படாதீர்கள், ஈரக் கையை லுங்கியில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்ட பிறகுதான் வாங்குவார்கள்.