கராத்தேயா, கம்பா? சேரும் முன் கடைசி வரிசையைப் பாருங்கள்

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். முதன்முதலில் தற்காப்புக் கலை கிளாஸில் சேர்ந்தபோது எனக்கு வயது 33, போதாததற்கு முழங்கால் வலி வேறு. இப்போது ஆலையில் சின்னப் பெண்கள், "எதில் சேரலாம்க்கா?" என்று கேட்டால், "சீசனில் என்ன பண்ணுவ?" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

பழம் வரத்து ஏறிவிட்டால் இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று இரண்டு மாதம் எங்கும் நகர முடியாது. ஜூடோ என்றால் பிடித்துத் தூக்கிப் போட எதிரில் ஆள் வேண்டும், கீழே மெத்தை வேண்டும். பாக்ஸிங்கிலும் ஆள் இல்லாமல் ஓரளவுக்குத்தான் போகலாம். கராத்தேயில் கட்டா உண்டு. எதிரே ஆள் இருப்பதாக நினைத்து வரிசையாகச் செய்யும் அடியும் தடுப்பும் அது. மொட்டை மாடி போதும். சிலம்பத்தில் காலடி. கம்பே இல்லாமல் காலை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பழகலாம். உங்களுக்கு மாம்பழ சீசன் இல்லாவிட்டால் பரீட்சை, அறுவடை, கைக்குழந்தை என்று வேறு ஏதாவது இருக்கும். அதை முதலில் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது உடம்பு. டேக்வாண்டோவில் உதைதான் அதிகம். கராத்தேயிலும் ஷோட்டோகான் போன்ற பிரிவுகளில் முழங்காலை நன்றாக மடக்கித் தாழ்ந்து நிற்க வேண்டும். என் முழங்கால் முதல் மாதமே புகார் செய்தது. வலி இருந்தால் சேரும் முன்பே மாஸ்டரிடம் சொல்லுங்கள். "எல்லாம் சரியாகிடும்" என்று மட்டும் சொல்பவரை விட, "அப்படியானால் இதை இப்படிச் செய்" என்று காட்டுகிறவர் மேல்.

பணம் கட்டும் முன் ஒரு கிளாஸ் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முன் வரிசையில் பறந்து உதைக்கும் பையனைப் பார்த்து மயங்க வேண்டாம், அவன் எங்கே சேர்ந்தாலும் உதைப்பான். கடைசி வரிசையில் கை கால் குழம்பி நிற்கிற புது ஆளிடம் மாஸ்டர் எத்தனை தடவை வருகிறார்? தப்பைத் திருத்துகிறாரா, கத்துகிறாரா? நான் முதலில் போன இடத்தில் இதைப் பார்க்காமல் விட்டேன். ஆறு மாதத்தில் இரண்டு பெல்ட், ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் பீஸ். யாரும் ஒரு தடவைகூட என் மணிக்கட்டைப் பிடித்து, "விடுவித்துக்கொள்" என்று சொன்னதில்லை. தற்காப்புக்காகச் சேருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்: பிடிக்கிறவர் நிஜமாக இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி உண்டா?

பிள்ளைக்குப் போட்டி, சான்றிதழ் என்று யோசித்தால் கணக்கு வேறு. ஜூடோ, டேக்வாண்டோ, பாக்ஸிங் ஒலிம்பிக்கில் இருக்கின்றன. கராத்தே டோக்கியோவில் ஒரே ஒரு முறை வந்தது, 2024 பாரிஸில் இல்லை. கிளாஸ் தரும் சான்றிதழ் எந்தச் சங்கத்துடையது, அது எங்கே செல்லும் என்று சேரும் முன்பே விசாரியுங்கள்.

கலையின் வயதைக் கேட்டுச் சேர வேண்டாம். எங்கள் பக்கத்து நடுகற்களில் வில்லும் வாளுமாக நிற்கும் வீரர்களைக் காட்டி, சிலம்பத்துக்கு ஆயிரக்கணக்கில் வருடக் கணக்கு சொல்வார்கள். ஜூடோ 1882இல் ஜிகோரோ கானோ தொடங்கியதுதான். அதற்காக ஜூடோக்காரர்கள் போடும் போடு லேசாகவா இருக்கிறது?

நான் கடைசியில் கம்புக்கு வந்தேன். நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு, செருப்பில்லாத கால், அவ்வளவுதான் செலவு. வீட்டுக்குள் மட்டும் சுற்றாதீர்கள். முதல் வாரமே எங்கள் வீட்டு டியூப்லைட் போனது, அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

இந்த வாரம் பெங்களூரா மாம்பழ லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன. கம்பு மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து கிடக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் காலடி மட்டும், அப்புறம் தூக்கம்.