ஐந்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கிறதா? ஜூன் முதல் ஏப்ரல் வரை பெற்றோர் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 2019-20 கல்வியாண்டில் நடத்தப்போவதாக அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதும் இல்லை. அதனாலேயே பல வீடுகளில் இந்த வருஷம் சத்தமில்லாமல் ஓடிவிடுகிறது. ஆறாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் "அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தானே படிச்சான்" என்ற பேச்சு வருகிறது.

கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளில் நிலைமை வேறு. கல்வி உரிமைச் சட்ட விதிகளில் 2024 டிசம்பரில் வந்த திருத்தப்படி, அங்கே ஐந்தாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் தேறாத பிள்ளைக்கு முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்புதான். இனி வருவது பெரும்பாலும் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கானது.

மதிப்பெண்ணை எப்படிப் பார்ப்பது

ஆண்டுக்கு மூன்று பருவம்: ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி முதல் ஏப்ரல். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண். அதில் 40 வளரறி மதிப்பீடு, அதாவது செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும். மீதி 60 பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீடு. பெற்றோர் ஏமாறும் இடம் இந்த 40தான். செயல்பாட்டுக்குப் பெரும்பாலும் தாராளமாகவே மதிப்பெண் கிடைக்கும். அப்பாவே உட்கார்ந்து தெர்மாகோலில் எரிமலை செய்து கொடுத்திருந்தாலும் கிடைக்கும். ஆகவே 78 என்று அட்டையில் இருந்தால் மகிழ்ந்துவிடாமல், 60க்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். 40க்கு 39, 60க்கு 39 என்றால் சேர்த்தால் 78தான். ஆனால் தானே எழுதியதில் மூன்றில் ஒரு பங்கைப் பிள்ளை தவறவிட்டிருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2023-24 முதல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். மலர் என்றால் அந்த வகுப்புக்குரிய நிலை. மற்ற இரண்டும் அதற்குக் கீழே. முதல் மாதத்திலேயே ஆசிரியரைப் பார்த்து "தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை?" என்று கேளுங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும்.

வாசிப்பு

மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. நான்கு, ஐந்தில் வாசித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். அறிவியலில் மதிப்பெண் குறைகிறது என்று வரும் பிள்ளைகள் பலருக்கும் உண்மையான தடை அறிவியல் அல்ல, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதே.

வீட்டிலேயே சோதிக்கலாம். இன்னும் நடத்தாத பாடத்தில் சுமார் நூறு சொல் உள்ள பத்தியை எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடம் வேண்டாம், அது மனப்பாடமாகவே வந்துவிடும். நடுவே திருத்தாதீர்கள், தடுக்கிய சொல்லைப் பென்சிலால் மட்டும் குறியுங்கள். ஐந்து வரை தடுக்கினால் கவலை இல்லை. பத்தைத் தாண்டினால் தினமும் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

எப்படித் தடுக்குகிறது என்பதையும் பாருங்கள். பரவலாகக் காணும் பிழை, முதல் இரண்டெழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பது. "ஓடிக்கொண்டிருந்தான்" என்று அச்சிலிருக்கும், பிள்ளை "ஓடினான்" என்று வாசித்துப் போய்விடும். பொருள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் நமக்கும் தவறாகத் தோன்றாது. இதற்கு மருந்து, ஒரு துண்டு அட்டையால் சொல்லை மறைத்து ஓ-டிக்-கொண்-டி-ருந்-தான் என்று துண்டு துண்டாகத் திறந்து காட்டுவது. நாளுக்கு எட்டுப் பத்து நீளச் சொற்கள் போதும். ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும்.

வாசித்து முடித்ததும் "அவன் பேர் என்ன?" என்று கேட்பதில் பயனில்லை. "அவன் ஏன் திரும்பிப் போனான்?" என்று கேளுங்கள். ஆங்கில வழிப் பிள்ளைகளிடம் இது இன்னும் முக்கியம். உச்சரிப்பு அழகாக இருக்கும், பொருள் ஒன்றும் ஏறியிருக்காது. ஆங்கிலப் பத்தியை வாசித்துவிட்டுத் தமிழில் கதையாகச் சொல்லச் சொன்னால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். அரசுப் பள்ளிகளில் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கென்று வரும் 'ஊஞ்சல்' இதழை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேர்வு பயம் இல்லாத வாசிப்புக்கு அது உதவும்.

கணக்கு

வாய்ப்பாட்டை வரிசையாகச் சொல்வது வேறு, தெரிந்திருப்பது வேறு. "ஏழெட்டு?" என்று திடீரெனக் கேளுங்கள். மூன்று வினாடிக்குள் 56 வர வேண்டும். "ஓரேழு ஏழு..." என்று தொடக்கத்திலிருந்து ஓட்டினால் இன்னும் ஏறவில்லை என்று பொருள். பத்தாம் வாய்ப்பாடு வரை இப்படிக் குறுக்கே கேட்டால் சொல்லத் தெரிவது, பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிப்பதைவிட நல்லது.

அடுத்து நீள் வகுத்தல். இந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: 8432 ÷ 8. கணிசமான பிள்ளைகள் 154 என்று எழுதுவார்கள். சரியான விடை 1054. பிழை எங்கே நடக்கிறது? எட்டில் எட்டு ஒரு முறை, ஈவில் 1. அடுத்து 4ஐ இறக்குகிறார்கள். நாலில் எட்டு போகாது. "போகாது" என்றதும் உடனே 3ஐயும் இறக்கி 43 ஆக்கிவிடுகிறார்கள். போகாத இடத்தில் ஈவில் ஒரு 0 போட வேண்டும் என்பது விட்டுப்போகிறது. 43இல் ஐந்து முறை, மீதி 3. 2ஐ இறக்கினால் 32, நான்கு முறை. இலக்கத்தை இறக்கும்போதெல்லாம் ஈவில் ஒரு எண் விழுந்தே ஆக வேண்டும், போகாவிட்டால் 0 விழும். இதை ஒரு விதியாகச் சொல்லிக் கொடுங்கள். கூடவே, வகுக்குமுன் மதிப்பிடும் பழக்கம் வேண்டும். எட்டாயிரத்தை எட்டால் வகுத்தால் ஆயிரம். ஆகவே விடை ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், 154 ஆக இருக்கவே முடியாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால் பாதிப் பிழை தானே குறையும்.

பின்னத்தில் இரண்டு பிழைகள். ஒன்று, 5 பெரிது என்பதால் 1/5 என்பது 1/3ஐவிடப் பெரிது என்று நினைப்பது. ஒரு தோசையை மூன்று பேருக்கும் இன்னொன்றை ஐந்து பேருக்கும் பிய்த்துக் காட்டினால் மறக்காது. இரண்டாவது, 1/2 + 1/3 = 2/5 என்று மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டுவது. "2/5 பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்?" என்று கேளுங்கள், விதி சொல்ல அவசரப்படாதீர்கள். ஓரினப் பின்னம் (கீழ் எண் ஒன்றே), வேற்றினப் பின்னம் (கீழ் எண் வேறு) என்ற வேறுபாடு இங்கேதான் தெளிவாக வேண்டும்.

வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை, 2020இன் தேசியப் புத்தகப்பைக் கொள்கை மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்கிறது. பையின் எடை 1.7 முதல் 2.5 கிலோ. ஒரு நாள் பையை எடை போட்டுப் பாருங்கள். பல தனியார் பள்ளிப் பிள்ளைகள் இதைவிடக் கூடுதலாகவே சுமக்கிறார்கள்.

பத்து வயது உடம்பு

பத்து வயதில் டிடி தடுப்பூசி உண்டு: தொண்டை அடைப்பான், ரண ஜன்னி இரண்டுக்கும் சேர்த்தது. பெரும்பாலும் பள்ளியிலேயே போடுவார்கள். அன்று காலையில் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள். கையில் ஒரு நாள் இரண்டு நாள் வலி, லேசான காய்ச்சல் இருக்கலாம். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். பிள்ளை பயந்து அடுத்த வாரம் அதைத் தூக்கி எறிந்துவிடும். மதிய உணவுக்குப் பிறகு சாப்பிடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போவது வழக்கமானதே.

பெண் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பதின்மூன்று வயதுக்குள் பருவ மாற்றம் தொடங்கும். ஐந்தாம் வகுப்பிலேயே வயதுக்கு வருவோர் உண்டு. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அது பள்ளிக் கழிப்பறையில் தனியாக, இரத்தத்தைப் பார்த்து அலறும் அனுபவமாகிவிடும். ஜூன் மாதமே அம்மா, அத்தை, பாட்டி யாராவது உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். பைக்குள் ஒரு சிறு பையில் நாப்கின் ஒன்று, மாற்று உள்ளாடை ஒன்று, பழைய செய்தித்தாள் ஒரு தாள் இருக்கட்டும். எந்த டீச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் பேர் சொல்லி முடிவு செய்யுங்கள். எட்டு வயதுக்கு முன்பே மாற்றம் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது 3ஐ 8 என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறதா? கவனக்குறைவு என்று திட்டுமுன் கண்ணைப் பரிசோதியுங்கள்.

காகிதங்கள்

இது ஜனவரியில் செய்ய வேண்டிய வேலை, மே மாதத்தில் அல்ல. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் எமிஸ் பதிவு (கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பிள்ளையின் விவரம்) மூன்றையும் பக்கத்தில் வைத்து ஐந்து விஷயங்களை ஒப்பிடுங்கள்: பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர். தமிழிலும் ஆங்கிலத்திலும் பாருங்கள். தனலட்சுமியை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி'க்குப் பின் 'எச்' ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. இன்று ஓர் எழுத்து, நாளை பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். மாற்றுச் சான்றிதழ் தருவதற்கு முன்பு என்றால், பிறப்புச் சான்றிதழைக் காட்டி இப்போதைய தலைமை ஆசிரியர் மூலமே திருத்திக்கொள்வது எளிது. பிறப்புச் சான்றிதழில் பெயரே சேர்க்காமல் விட்டிருந்தால், பிறந்த பதினைந்து ஆண்டுக்குள் சேர்க்கலாம். ஆதாரில் ஐந்து வயதானதும் கைரேகை, கண் பதிவு புதுப்பித்தார்களா என்றும் பாருங்கள். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

ஆறாம் வகுப்பு எங்கே?

தொடக்கப் பள்ளி ஐந்தோடு முடிகிறது. அடுத்த பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு நீண்டகால விளைவுகள் இருக்கின்றன, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் பலருக்கும் அது தெரியவருகிறது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021இல் விரிந்தது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வரை எங்கே படித்தாலும் தடையில்லை, ஆறிலிருந்து அரசுப் பள்ளி என்பதே கணக்கு. அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. உயர்கல்விக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே பார்க்கின்றன. அவற்றில் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தோரும் அடங்குவர்.

தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தருவது வேறு சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும். ஐந்து வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையை, அதே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்தால் 7.5 விழுக்காடு போகாது, இந்த 20 விழுக்காடு போய்விடும். மாற்றக் கூடாது என்பதல்ல, தெரிந்து மாற்றுங்கள்.

சைனிக் பள்ளி (ராணுவப் பயிற்சிக்குத் தயார்படுத்தும் உறைவிடப் பள்ளி) நினைப்பு இருந்தால், உடுமலை அருகே அமராவதி நகரில் இருப்பதில் ஆறாம் வகுப்பில் சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு, தமிழிலும் எழுதலாம். சேரும் ஆண்டு மார்ச் 31இல் வயது 10 முதல் 12க்குள் இருக்க வேண்டும். 300 மதிப்பெண்ணில் பாதி கணக்கு. மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டில் கிடையாது.

காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, ஆறில் மதிய உணவு மட்டுமே. இரண்டு மூன்று ஆண்டாகப் பள்ளியில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஜூனில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இது கண்ணில் படாது. ஏப்ரல் விடுமுறையிலேயே காலைச் சாப்பாட்டு நேரத்தை வீட்டில் மாற்றி அமைத்துவிடுங்கள்.

ஒரே ஆசிரியரிடம் எல்லாப் பாடமும் படித்த பிள்ளைக்கு இனி பாடத்துக்கு ஓர் ஆசிரியர். "நோட்டு மறந்துட்டேன்" என்பது முதல் மாதத்தின் பெரிய தொல்லை. கால அட்டவணையைக் கதவில் ஒட்டி, இரவிலேயே பிள்ளையே பையை அடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், எடுத்துக் கொடுக்காதீர்கள்.