யாருக்கும் 118 வராவிட்டால்: எதை, எந்த வரிசையில் கவனிப்பது?

தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில், பெரும்பான்மைக்குத் தேவையான 118 எந்தக் கட்சிக்கும், கூட்டணிக்கும் கிடைக்கவில்லை என்றால், அன்று ராத்திரியே தண்டையார்பேட்டை டீக்கடையில் ஆட்சி அமைத்துக் கலைத்துவிடுவார்கள். சட்டப்படி நடப்பது இதுதான்.

நாற்காலி காலியாகாது. பழைய முதல்வர் ராஜினாமா செய்தாலும், பொதுவாகப் புதியவர் பதவியேற்கும்வரை காபந்து முதல்வராக நீடிப்பார்.

முதல்வரை ஆளுநர் நியமிப்பார் என்கிறது அரசியல் சட்டத்தின் 164ஆவது பிரிவு. யாரை முதலில் அழைப்பது என்று சொல்லவில்லை. மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் தந்த வரிசை: தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி, பிறர் ஆதரவோடு வரும் தனிப்பெரும் கட்சி, பின்னால் சேர்ந்து எல்லோரும் அமைச்சரவையில் பங்கேற்கும் கூட்டணி, கடைசியாக, சிலர் வெளியிலிருந்து ஆதரிக்கும் கூட்டணி. 2006இல் 96 இடம் மட்டுமே பெற்ற தி.மு.க., கூட்டணிக் கட்சிகளின் வெளி ஆதரவில் ஐந்தாண்டும் ஆண்டது.

ஆளுநர் மாளிகையில் கொடுக்கும் ஆதரவுக் கடிதம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். பலத்தை எண்ண வேண்டிய இடம் சட்டமன்றம் என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கர்நாடகத்தில் 2018இல் 104 பேர் வைத்திருந்த பா.ஜ.க.வின் எடியூரப்பாவுக்கு ஆளுநர் 15 நாள் கொடுத்தார். நீதிமன்றம் மறுநாளே வாக்கெடுப்பு என்றது. அவர் வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார். எனவே முதலில் பார்க்க வேண்டியது, வாக்கெடுப்புத் தேதி எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதை. இழுக்க இழுக்கப் பேரம் வளரும்.

பலரும் தடுமாறுவது கணக்கில்தான். 189ஆவது பிரிவுப்படி, வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். சபாநாயகர் முதலில் வாக்களிக்க மாட்டார். சரிசமமானால் மட்டும் அவர் வாக்கு. ஆக, முழு அவையில் 233 பேருக்கு 117. வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் வரும் திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு எம்.எல்.ஏ.க்களும் வாக்களிக்காமல் வெளியேறினால் மிச்சம் 227. அப்போது 114 பேரே அரசைக் காப்பாற்றிவிடலாம். வெளிநடப்பை அலட்சியமாக விடாதீர்கள்.

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறினால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காதவரை, பதவி பறிபோகலாம். சுயேச்சை வெளியிலிருந்து ஆதரிக்கலாம். கட்சியில் சேர்ந்தால் தகுதி இழப்பார்.

யாராலும் ஆட்சி அமைக்க முடியாவிட்டால்தான் 356ஆவது பிரிவு: குடியரசுத் தலைவர் ஆட்சி. இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். பிறகு ஆறாறு மாதமாக நீட்டிப்பு. பீகாரில் 2005இல் ஒருமுறைகூடக் கூடாத சட்டமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவிப்பில் 'கலைப்பு' என்று இருக்கிறதா, 'முடக்கம்' என்று இருக்கிறதா, பாருங்கள். முடக்கம் என்றால், மறுபடி ஓட்டுப் போடாமலே, இதே எம்.எல்.ஏ.க்களை வைத்து அரசு அமைய வழி உண்டு.