பார்க்காமல் விட்ட கிளாசிக் படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

"என்னது, இன்னும் காட்ஃபாதர் பார்க்கவில்லையா?" என்று யாராவது வாயைப் பிளந்தால் கூச்சப்பட வேண்டாம். ஆனால் பார்க்க உட்காரும்போது அதிலிருந்தே தொடங்காதீர்கள். 1972இல் வந்த அந்தப் படம் ஏறக்குறைய 3 மணி நேரம். முதலில் 1957இல் வந்த '12 ஆங்ரி மென்' பாருங்கள். 96 நிமிடம்தான். கிட்டத்தட்ட முழுக்கதையும் ஒரே அறைக்குள், பன்னிரண்டு பேரின் வாக்குவாதம்தான் படமே. கறுப்பு வெள்ளை என்பதே சீக்கிரம் மறந்துபோகும் (எனக்குப் பத்து நிமிடம் ஆனது).

பழைய படங்கள் பலவும் நிதானமாகத்தான் சூடுபிடிக்கும். முதல் அரைமணி நேரம் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். அதற்கு மேலும் ஒட்டவில்லையா? சரி, நிறுத்திவிடலாம். அப்புறம், விமர்சனங்களை முன்கூட்டியே படிக்காதீர்கள்; பழைய படம்தானே என்று முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்கள்.