கழுத்து, முதுகுக்கு வி.ஏ. கிளெய்ம் போடுவது எப்படி, மறுத்துவிட்டால் என்ன செய்வது

படைப் பணியால் உடம்பு கெட்டவர்களுக்கு மாதாமாதம் பணம் தருவது வி.ஏ., அதாவது அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை, பாதிப்பை அது சதவீதத்தில் அளப்பதுதான் ரேட்டிங். தலையை முன்னால் குனிந்தால் 45 டிகிரி போக வேண்டும், அதுதான் வி.ஏ. கணக்கில் நல்ல கழுத்து. உங்களுடையது 35-ல் நின்றுவிட்டால் 10 சதவீதம், 30-ல் நின்றால் 20, 15-ஐத் தாண்டவே இல்லையென்றால் 30. நடு முதுகையும் இடுப்பையும் சேர்த்து ஒரே பகுதியாகப் பார்ப்பார்கள், அதற்கு முழு அளவு 90 டிகிரி. 60-ஐத் தாண்டாவிட்டால் 20 சதவீதம், 30-ஐத் தாண்டாவிட்டால் 40. 2003 செப்டம்பரிலிருந்து இந்த அட்டவணைதான். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று எம்ஆர்ஐ என்ன சொன்னாலும், ரேட்டிங் பெரும்பாலும் இந்த டிகிரியில்தான் வந்து நிற்கும். ராத்திரி தூக்கம் இல்லாமல் புரள்வதற்கு அதில் தனி வரி கிடையாது.

நம்மவர்களுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகப் படையில் சேர்க்க 2008-ல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவம் கேட்ட மொழிகளில் தமிழும் ஒன்று, அதில் சேர்ந்து அப்புறம் வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள், இங்கேயே பிறந்து படைக்குப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். கவச உடையும் மூட்டையுமாக நடந்தவர்கள், பாராசூட்டில் குதித்தவர்கள், இரவுப் பார்வைக் கருவி மாட்டிய ஹெல்மெட்டோடு ஹெலிகாப்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் என்று கழுத்தும் இடுப்பும் போனவர்களுக்குக் குறைவே இல்லை.

முதல் வேலை, இன்றைக்கே "இன்டென்ட் டு ஃபைல்" கொடுத்துவிடுங்கள், ஃபார்ம் எண் 21-0966. கிளெய்ம் போடப்போகிறேன் என்று சொல்லி வைப்பது அவ்வளவுதான், ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் முழு கிளெய்மை 21-526இஇசட் ஃபார்மில் போட்டு அது ஏற்கப்பட்டால், பணம் பொதுவாக அந்த முதல் தேதியிலிருந்து கணக்காகும். இன்னும் படையை விட்டு வெளியே வரவில்லை என்றால் இன்னும் நல்லது, விடுவிப்புக்கு 180 நாளிலிருந்து 90 நாள் வரை முன்னதாகவே போடலாம்.

கிளெய்ம் ஜெயிக்க மூன்று விஷயம் வேண்டும்: இப்போது ஒரு பாதிப்பு இருக்க வேண்டும், பணியில் இருந்தபோது ஏதோ நடந்திருக்க வேண்டும், இரண்டையும் ஒரு மருத்துவர் இணைத்துச் சொல்ல வேண்டும். முதலாவது சுலபம். இரண்டாவதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் படையில் இருக்கும்போது சிக் காலுக்கு, அதாவது படை மருத்துவரிடம் காட்ட, போனால் சோம்பேறி என்று பெயர் வாங்க வேண்டுமே என்று இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடியிருப்பீர்கள், ஆவணத்தில் ஒரு வரிகூட இருக்காது. அதற்காக விட்டுவிட வேண்டாம். கூட இருந்த நண்பர் "இவன் அன்றைக்கு வண்டியிலிருந்து விழுந்தான், ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை" என்று 21-10210 ஃபார்மில் எழுதித் தந்தால் அதுவும் சாட்சியம்தான். மனைவியோ கணவரோ எழுதலாம். "ரொம்ப வலி" என்று எழுதுவதில் பயனில்லை. ஷூ லேஸ் கட்ட யார் உதவுகிறார்கள், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறதா, குழந்தையைத் தூக்க முடிகிறதா, இதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நெக்ஸஸ் லெட்டர், அதாவது பாதிப்பையும் பணியையும் இணைத்து மருத்துவர் எழுதும் கடிதம். மருத்துவர் நூறு சதவீதம் உறுதியாகச் சொல்லத் தேவையே இல்லை, பணியால் வந்திருக்க குறைந்தது சரிபாதி வாய்ப்பு இருக்கிறது என்றால் போதும். நல்ல மனதோடு "இருக்கலாம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதம் வீண். ஏன் அப்படி நினைக்கிறார் என்ற காரணமும், உங்கள் பணி ஆவணங்களைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறார் என்பதும் அதில் இருக்க வேண்டும். முழங்கால் ஏற்கெனவே ரேட்டிங்கில் இருந்து, நொண்டி நடந்து இடுப்பு போயிருந்தால், அதைக் கிளைப் பாதிப்பாகக் கேட்கும் வழியும் உண்டு.

இப்போது சி அண்ட் பி பரிசோதனை, அதாவது கிளெய்முக்காக வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனை, என் கணக்கில் பாதி கிளெய்மின் தலையெழுத்து இங்கேதான். பரிசோதகர் கோணம் அளக்கும் கருவியோடு வருவார், குனியச் சொல்வார். நாம் என்ன செய்வோம்? படைப் பழக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதும் குனிந்து காட்டுவோம். வேண்டாம் அது. வலி ஆரம்பிக்கும் இடத்தில் "இங்கே வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், முடியாத இடத்தில் நில்லுங்கள். அசைவில் வலி இருந்தாலே குறைந்தபட்ச ரேட்டிங்குக்கு விதியில் இடம் இருக்கிறது. அதே சமயம் நடிக்கவும் கூடாது, நாற்காலியில் எப்படி உட்கார்ந்தீர்கள், சட்டையை எப்படிக் கழற்றினீர்கள் என்று அவர் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

அன்றைக்கு நல்ல நாளாக அமைந்துவிட்டால்? வலி கிளம்பும் நாட்களைப் பற்றிக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: மாதத்தில் எத்தனை முறை, எவ்வளவு நேரம், அப்போது எவ்வளவு தூரம் குனிய முடியும். 2017-ல் வந்த ஷார்ப் வழக்குத் தீர்ப்பின்படி, "நான் நேரில் பார்க்காததால் சொல்ல முடியாது" என்று மட்டும் எழுதி பரிசோதகர் தப்பிக்க முடியாது, நீங்கள் சொன்னதையும் மற்ற ஆவணங்களையும் வைத்து டிகிரியில் மதிப்பிடப் பார்க்க வேண்டும். 2016-ன் கொரேயா தீர்ப்பும் கைகொடுக்கும்: நீங்களாக அசைக்கும்போதும் அவர் அசைக்கும்போதும், எடை தாங்கும்போதும் தாங்காதபோதும் வலி இருக்கிறதா என்று, செய்ய முடிகிற வரையில், சோதிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் என்னென்ன செய்தார், எவ்வளவு நேரம் எடுத்தார் என்று எழுதி வையுங்கள். அப்பீலில் உதவும்.

நரம்பை மறந்துவிடாதீர்கள். கழுத்திலிருந்து கைக்கோ இடுப்பிலிருந்து காலுக்கோ வலி இறங்குகிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் அதற்குத் தனி ரேட்டிங் உண்டு, ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பில் லேசானது 10, நடுத்தரம் 20, அதற்கும் மேல் 40, 60, முற்றிலும் செயலிழந்தால் 80. முதுகுக்கு 20 வாங்கிக்கொண்டு காலை விட்டுவிட்டவர்கள் ஏராளம். டிஸ்க் பிரச்சினைக்குப் படுக்கை ஓய்வை வைத்து ரேட்டிங் தரும் இன்னொரு வழியும் இருக்கிறது, ஆனால் அந்த ஓய்வை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நீங்களாகப் படுத்திருந்தால் கணக்கில் வராது.

கூட்டல் கணக்கு வேறு விதம். கழுத்துக்கு 20, முதுகுக்கு 20, ஒரு காலுக்கு 20 என்றால் 60 என்று சந்தோஷப்படாதீர்கள், மிச்சமிருக்கும் ஆரோக்கியத்தில்தான் அடுத்த சதவீதத்தை எடுப்பார்கள், 49 வந்து 50 ஆக முடியும்.

சரி, மறுப்புக் கடிதமோ குறைந்த ரேட்டிங்கோ வந்துவிட்டது. கோபத்தில் உடனே எதையும் அனுப்ப வேண்டாம், கடிதத்தை இரண்டு தடவை படியுங்கள். உங்களுக்குச் சாதகமாக ஒப்புக்கொண்டவை என்று ஒரு பகுதி இருக்கும். அப்பட்டமான தவறு என்று காட்டினாலொழிய அவற்றை அடுத்து வருபவர் மாற்ற முடியாது. ஆகவே மூன்று விஷயத்தில் எது இடிக்கிறது என்று மட்டும் பாருங்கள். 20-10206 ஃபார்மில் உங்கள் முழுக் கோப்பையும் கேட்டு வாங்கி, பரிசோதகர் என்ன எழுதினார் என்று படியுங்கள், கண் திறக்கும்.

முடிவை எதிர்த்துப் போக 2019 பிப்ரவரியிலிருந்து மூன்று பாதைகள். நெக்ஸஸ் லெட்டர் இல்லாமல் தோற்றிருந்தால், அதை வாங்கி சப்ளிமென்டல் கிளெய்ம் போடுங்கள், ஃபார்ம் 20-0995, புதிய, சம்பந்தப்பட்ட சாட்சியம் கட்டாயம். கோப்பில் எல்லாம் இருந்தும் பார்த்தவர் தவறாகப் படித்திருந்தால், அதாவது கால் மரத்துப்போவதைப் பரிசோதகர் எழுதியிருந்தும் தனி ரேட்டிங் தரவில்லை என்பது போல, ஹையர் லெவல் ரிவ்யூ, 20-0996. புதிதாக எதையும் சேர்க்க முடியாது, ஆனால் மூத்த அதிகாரியிடம் தொலைபேசியில் தவறைச் சுட்டிக்காட்டலாம், அந்த வாய்ப்பைத் தவறாமல் கேளுங்கள். மூன்றாவது போர்டு அப்பீல், அதாவது வி.ஏ.வின் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போவது, ஃபார்ம் 10182, நீதிபதி பார்ப்பார், காத்திருப்பு நீளம். நான் முதலிலேயே அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

எந்தப் பாதையானாலும் கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். தாண்டினாலும் சப்ளிமென்டல் போடலாம், ஆனால் பழைய தேதியும் அதோடு சேர்ந்த பாக்கிப் பணமும் பொதுவாகப் போய்விடும்.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்வார்கள். முதல் கிளெய்மைத் தயாரித்து நடத்திக் கொடுக்க யாரும் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை, "ரேட்டிங் கூடினால் ஐந்து மாதப் பணம் எங்களுக்கு" என்று பேசுகிற கம்பெனியிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முதல் முடிவு வந்த பிறகு வழக்கறிஞர் வைக்கலாம், பாக்கிப் பணத்தில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணமாகக் கருதப்படும். போர்டும் கைவிட்டுவிட்டால், முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 120 நாள்தான், அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போக வேண்டாம்.