ஸ்பவுஸ் விசாவில் வந்தவருக்கு வீட்டில் வன்முறை: பிரிட்டனில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

"உன் விசா என் கையில. ஒரு மெயில் போட்டா ஊருக்கு அனுப்பிடுவாங்க." துணைவர் விசாவில் பிரிட்டன் வந்த பலரை வீட்டுக்குள் கட்டிப்போடும் மிரட்டல் இது. இதில் பாதி பொய், பாதி உண்மை. விசாவை ரத்து செய்யும் அதிகாரம் ஹோம் ஆபீஸுக்கு (பிரிட்டன் உள்துறைக்கு) மட்டுமே உண்டு. கணவருக்கோ மாமியாருக்கோ அது கிடையாது. ஆனால் "உறவு முறிந்துவிட்டது" என்று அவர்கள் எழுதிப்போட்டால், மீதமிருக்கும் விசாக் காலத்தை ஹோம் ஆபீஸ் வழக்கமாக 60 நாளாகச் சுருக்கிவிடும். அதனால்தான் எதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியமாகிறது.

உயிருக்கு ஆபத்து என்றால் வரிசை எதுவும் பார்க்க வேண்டாம், 999-ஐ அழையுங்கள். பேச முடியாத நிலையில் மொபைலில் அழைத்திருந்தால், பதிவுக் குரல் கேட்டதும் 55-ஐ அழுத்துங்கள். அழைப்பு போலீஸுக்குப் போகும். 55 அழுத்தியதால் மட்டும் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது, முடிந்தால் முகவரியை முணுமுணுத்தாவது சொல்லுங்கள். லேண்ட்லைனுக்கு 55 பொருந்தாது. கழுத்தை நெரித்திருந்தால், வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உள்வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஜூன் முதல் கழுத்தை நெரிப்பதே தனிக் குற்றம்.

அவசரம் இல்லாதபோது 0808 2000 247 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம்மவர் உலகம் சின்னது. மொழிபெயர்ப்பவர் தெரிந்தவராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் லைனில் வரும் முன்பே, உங்கள் முழுப் பெயரையும் ஊரையும் அவரிடம் சொல்ல வேண்டாம் என்று ஆபரேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குரல் தெரிந்தது போலிருந்தால் வேறு ஆளைக் கேட்பதில் தவறில்லை. உறவினரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஆண்களுக்கான எண் 0808 801 0327.

அடுத்தது, உங்கள் விசா எந்த வகை என்று பாருங்கள். எல்லாமே இதைப் பொறுத்துத்தான் போகும்.

பிரிட்டிஷ் குடிமகன், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர், அகதி நிலை பெற்றவர் போன்றோரின் துணைவராக விசா பெற்றவர் என்றால், வன்முறையால் உறவு முறிந்த அடிப்படையில் நேராக நிரந்தர வசிப்புரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம். ஆங்கிலத் தேர்வு, லைஃப் இன் த யூகே தேர்வு, வருமான வரம்பு எதுவும் கிடையாது. மணமகள் அல்லது மணமகன் விசாவில் வந்து இன்னும் துணைவர் விசாவுக்கு மாறாதவர்களுக்கு இந்த வழி இல்லை.

ஸ்கில்டு வொர்க்கர் (வேலை விசாக்காரர்), மாணவர் போன்றோரின் டிபெண்டன்டாக, அதாவது அவர்களைச் சார்ந்தவராக, வந்தவர்களுக்கும் இந்த நிரந்தர உரிமை கிடையாது. 2024 பிப்ரவரி முதல் அவர்களுக்குத் திறந்திருப்பது மூன்று மாதச் சலுகை மட்டும். அதைப் பற்றித்தான் அதிகம் குழப்பம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இந்தச் சலுகையை முன்பு டிடிவிசி என்று அழைத்தார்கள். 2024 பிப்ரவரி முதல் பெயர் எம்விடிஏசி, அதாவது வீட்டு வன்முறைக்கு ஆளான குடிவரவாளர்களுக்கான சலுகை. கையில் பணமில்லாமல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருப்பவர்களுக்காக ஹோம் ஆபீஸ் தரும் மூன்று மாத அனுமதி இது. விண்ணப்பக் கட்டணம் இல்லை, படிவமும் சிறியது. கிடைத்ததும் "அரசுப் பண உதவி கிடையாது" என்ற நிபந்தனை போய்விடும். யுனிவர்சல் கிரெடிட் (அரசின் மாத உதவித்தொகை) கேட்கலாம், கவுன்சிலிடம் (உள்ளூராட்சியிடம்) வீடு கேட்கலாம், வேலைக்கும் போகலாம். பல ரெஃப்யூஜ்கள் (வன்முறையிலிருந்து தப்பியவர்கள் தங்கும் இல்லங்கள்) இந்தக் கடிதம் வந்த பிறகுதான் இடம் தருகின்றன, ஏனென்றால் அவற்றின் வாடகை ஹவுசிங் பெனிஃபிட் என்ற அரசு வாடகை உதவியிலிருந்து வருகிறது. யுனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணம் வர ஐந்து வாரம்போல் ஆகும், விண்ணப்பிக்கும் நாளிலேயே அட்வான்ஸ் கேளுங்கள்.

பொறி எங்கே என்றால், இந்தச் சலுகை வந்த அன்றே உங்கள் பழைய விசா போய்விடும். மூன்று மாதத்துக்குள் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை அதே நிபந்தனைகள் நீளும். போடாமல் விட்டால் விசா இல்லாதவராகிவிடுவீர்கள். நிரந்தர வழியே இல்லாத டிபெண்டன்டுகளுக்கு இது இன்னும் ஆபத்து. பழைய விசாவில் இரண்டு வருடம் மிச்சமிருந்தாலும் அது மூன்று மாதமாகச் சுருங்கும், அதற்குள் சொந்த வேலை விசாவோ பிள்ளைகளை முன்வைத்த விண்ணப்பமோ தேட வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்கள் சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) பேசாமல் எம்விடிஏசி படிவத்தில் கையெழுத்துப் போடவே கூடாது என்பது எங்கள் கருத்து. கையில் சம்பளமும் தங்க இடமும் உள்ள துணைவர் விசாக்காரருக்கும் இது கட்டாயமில்லை, நேராக நிரந்தர உரிமைக்கே போகலாம்.

நிரந்தர உரிமைக்கான படிவத்தின் பெயர் செட் டிவி, ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கட்டணம் ஆளுக்கு 3,000 பவுண்டுக்குப் பக்கம், பிள்ளைகளைச் சேர்த்தால் தலைக்குத் தலை அதே தொகை. பணமில்லை என்றால் விலக்கு கேட்கலாம், ஆனால் வங்கி ஸ்டேட்மென்ட், ரெஃப்யூஜ் கடிதம் போன்றவற்றோடு கேட்க வேண்டும். வெறுமனே "பணமில்லை" என்று எழுதினால் நிற்காது. தகப்பன் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர உரிமை உள்ளவராகவோ இருந்தபோது இங்கே பிறந்த பிள்ளை ஏற்கெனவே பிரிட்டிஷ் என்பதால், அதற்குக் கட்டணம் கட்டி ஏமாறாதீர்கள்.

நிரூபிக்க வேண்டியது இரண்டு: வன்முறை நடந்தது, உறவு நிரந்தரமாக முறிந்தது அதனால்தான். அடிதான் வன்முறை என்பதில்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணத்தைப் பிடுங்குவது, வெளியே விடாமல் கட்டுப்படுத்துவது, மிரட்டுவது எல்லாம் அடங்கும். மாமனார் மாமியார் செய்ததால் உறவு முறிந்தாலும் கணக்கில் வரும். நீதிமன்றத் தண்டனை, தடை உத்தரவு, போலீஸ் அறிக்கை, ரெஃப்யூஜ் கடிதம், ஜிபி (குடும்ப மருத்துவர்) கடிதம் ஆகியவை பலமான ஆதாரங்கள். எந்த ஒன்றும் கட்டாயம் இல்லை. ஆனால் ஜிபியிடம் போகும்போது "படியில் விழுந்தேன்" என்று சொன்னால் அப்படித்தான் பதிவாகும், பிறகு அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

உங்கள் வாக்குமூலத்தின் எடை தேதியில் இருக்கிறது. "எப்பவும் அடிப்பார்" என்ற வரியைவிட இப்படி ஒரு குறிப்பு பத்து மடங்கு உதவும்: "மார்ச் 9, ஞாயிறு, இரவு பத்து மணி இருக்கும். சமையலறை. பாஸ்போர்ட்டைக் கேட்டேன். இடது மணிக்கட்டை முறுக்கினார். மாமியார் ஹாலில் இருந்தார். மறுநாள் வீக்கத்தைப் படம் எடுத்தேன்." அவர் சொன்ன வசையைத் தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலம் போடுங்கள். வாட்ஸப் குரல் செய்திகளை அழிக்காதீர்கள், சமர்ப்பிக்கும்போது சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். படங்களை வீட்டு போனில் வைத்தால் குடும்ப ஆல்பத்தில் ஏறிவிடும். புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி, லைப்ரரி கணினியிலிருந்து அதற்கு அனுப்புங்கள்.

இப்போது விசா அட்டையில் இல்லை, ஆன்லைனில் இருக்கிறது. விண்ணப்பத்தைக் கணவரே நிரப்பியிருந்தால் யூகேவிஐ (ஹோம் ஆபீஸின் ஆன்லைன் விசா) கணக்கின் மின்னஞ்சலும் போன் எண்ணும் அவருடையதாகத்தான் இருக்கும். ஹோம் ஆபீஸ் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அவருக்கே போகும். பத்திரமான இடத்துக்கு வந்த கையோடு அவற்றை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வீட்டிலிருந்தபடி மாற்றினால் அவருக்கு அறிவிப்பு போய்விடும், அவசரப்பட வேண்டாம். பாஸ்போர்ட் அவரிடம் மாட்டியிருந்தால் அதற்காகத் தனியாகத் திரும்பிப் போகாதீர்கள். பொருள் எடுக்க போலீஸைக் கூட வரச்சொல்லிக் கேட்கலாம். பாஸ்போர்ட் இல்லாத காரணத்தை விளக்கியும் விண்ணப்பிக்கலாம்.

போலீஸ் உங்கள் குடிவரவு விவரத்தை ஹோம் ஆபீஸோடு பகிரத் தடை இல்லை. விசா நடப்பில் இருப்பவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. காலாவதியானவர், ஆபத்து உடனடியாக இல்லையென்றால், முதலில் சட்ட ஆலோசனை பெற்றுக்கொள்வது நல்லது.

செட் டிவி விண்ணப்பத்துக்கு வருமானம் குறைந்தவர்களுக்கு லீகல் எய்ட் (அரசுச் செலவில் சட்ட உதவி) உண்டு. அதற்காக ஜிபி தரும் கடிதத்துக்கு இங்கிலாந்தில் கட்டணம் வாங்கக் கூடாது. கடை மாடியில் "விசா ஃபார்ம் நிரப்பித் தருகிறோம்" என்பவரிடம் போகும் முன், அவர் சொலிசிட்டரா அல்லது இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவானவரா என்று பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை தருவதே குற்றம். சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற தெற்காசியப் பெண்கள் அமைப்புகளுக்கு இந்த விண்ணப்பங்களில் நீண்ட அனுபவம் உண்டு. பிள்ளைகளோடு தெருவில் நிற்கும் நிலை வந்து, சலுகையும் கிடைக்கவில்லை என்றால், இங்கிலாந்தில் கவுன்சிலின் சோஷியல் சர்வீசஸிடம் 1989-ஆம் ஆண்டுச் சில்ட்ரன் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் உதவி கேளுங்கள். விசா நிபந்தனை அதைத் தடுக்காது.

அவர் நெருங்காமல் தடுக்க இங்கிலாந்து, வேல்ஸில் நான்-மொலஸ்டேஷன் ஆர்டர் வாங்கலாம். படிவம் எஃப்எல் 401, கட்டணம் இல்லை. அவசரமென்றால் அவருக்குத் தெரிவிக்காமலே நீதிமன்றம் முதலில் தடை போடலாம். மீறினால் ஐந்து வருடம் வரை சிறை. ஸ்காட்லாந்தில் சட்டமும் பெயரும் வேறு.

"லீவுக்கு ஊருக்குப் போய்வரலாம்" என்று அழைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி அங்கேயே விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது. அப்படிக் கைவிடப்பட்ட துணைவர் விசாக்காரர்கள் 2024 ஜனவரி 31 முதல் வெளிநாட்டிலிருந்தே நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். புறப்படும் முன்பே சந்தேகம் தட்டினால் பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்றிதழ் மூன்றையும் படம் எடுத்து அந்தப் புது மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். விமான நிலையம்வரை போய்விட்டாலும் வழி இருக்கிறது: பாதுகாப்புச் சோதனையில் ஆளாளுக்குத் தனியாக நிறுத்தும்போது, அங்கிருக்கும் ஊழியரிடம் விருப்பமில்லாமல் கூட்டிப்போகிறார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும்.