தாத்தா விட்டுப்போன பொம்மைக் கார்: எது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

தாத்தாவின் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியபோது, பழைய பத்திரங்களுக்கு அடியில் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு சின்னக் கார் கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான், ஆனால் நல்ல கனம். ஓரங்களில் பச்சை பெயின்ட் உதிர்ந்து சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. அத்தை பார்த்ததும், "கொண்டா, புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்றார். நல்லவேளை, கொடுக்கவில்லை. உங்கள் கைக்கும் இப்படி ஒன்று வந்திருந்தால், பொறுமையாக இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள்

காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டிவிடுங்கள். தேய்ந்த பழைய பெயின்ட்தான் உங்களுக்கு முதல் சாட்சி. சேகரிப்பவர்களும் அதைத்தான் மதிக்கிறார்கள்.

படி 2: கவிழ்த்துப் பாருங்கள்

பெரும்பாலான பதில் அடித்தட்டில்தான் இருக்கிறது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்துகள், சாய்வு வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். என் காரில் முதலில் தெரிந்தது 'டிங்கி டாய்ஸ்', அப்புறம் 'மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு' (எந்த நிஜக் காரின் மாதிரி என்பது), கடைசியில் 'மெக்கானோ லிமிடெட், இங்கிலாந்து'.

அதிகம் கிடைக்கும் பெயர்கள் இவை. டிங்கி, லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் செய்தது. 1934 முதல் இந்தப் பெயரில் வந்தது, 1979-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. 'லெஸ்னி' என்று இருந்தால் அது லண்டனின் மேட்ச்பாக்ஸ், 1953-இல் தொடங்கிய வரிசை. கோர்கி 1956-இல் வந்தது. ஹாட் வீல்ஸ் 1968-இல்.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு பெயரும் கிடைக்கலாம்: நிக்கி டாய்ஸ். டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கிக் கல்கத்தாவில் வார்த்தவை இவை. பார்வைக்கு டிங்கி போலவே இருப்பதால், அடித்தட்டைப் படிக்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. மேட்ச்பாக்ஸ், ஹாட் வீல்ஸ் கார்களின் அடியில் வருஷம் போட்டிருந்தால், அது அந்த வடிவத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) பதிந்த வருஷம். உங்கள் கையில் இருக்கும் கார் அதற்குப் பல வருஷம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

படி 3: சக்கரமும் கண்ணாடியும்

காலத்தைச் சொல்வது சக்கரம். டிங்கியில் இரண்டாம் உலகப்போருக்கு முன்பு வந்த சக்கரத்தின் முகம் தட்டையாக இருக்கும். போருக்குப் பின் வந்தவற்றில் நடுவில் ஒரு வட்ட விளிம்பு எழும்பியிருக்கும். மேட்ச்பாக்ஸில் முதலில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், அதன்பின் கறுப்பு. 1969-இல் வேகமாக ஓடும் மெல்லிய அச்சுடன் 'சூப்பர்ஃபாஸ்ட்' வந்தது. ஹாட் வீல்ஸ் டயரில் சிவப்புக் கோடு இருந்தால் பெரும்பாலும் 1977-க்குள் வந்தது.

ஜன்னல்களில் பிளாஸ்டிக் கண்ணாடி இருக்கிறதா? கோர்கி தொடக்கத்திலிருந்தே அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றது. டிங்கி பிறகுதான் பின்பற்றியது. என் காரின் ஜன்னல்கள் வெறும் ஓட்டைகள், சக்கரத்தில் விளிம்பு உண்டு. ஆக, போருக்குப் பின், கண்ணாடிக்கு முன்.

படி 4: எண்ணைப் பொருத்துங்கள்

டிங்கி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு 1950-இல் 40ஜி என்ற பட்டியல் எண்ணோடு வந்தது. 1954 வாக்கில் டிங்கி எல்லா எண்களையும் மாற்றியபோது அது 159 ஆனது. பிறகு இரண்டு நிறப் பூச்சுடனும் வந்தது. முழுப் பச்சை என்பதால் என்னுடையது முந்தைய வகை. அட்டைப்பெட்டி இல்லையே என்று வருந்தினேன். ஆனால் தொடக்கத்தில் இந்தக் கார்களை ஆறாறாக ஒரே பெட்டியில் கடைக்கு அனுப்பினார்கள், தனிப்பெட்டியே கிடையாது.

தாத்தா ஏன் இந்தக் காரை எடுத்து வைத்தார் என்பதும் எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது. இந்தப் பொம்மைக்கு மாதிரியான நிஜ வண்டிதான் இந்தியாவில் ஹிந்துஸ்தான் 14 என்ற பெயரில் ஓடியது. அதே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்ததுதான் அம்பாசடர்.

படி 5: யாராவது கை வைத்திருக்கிறார்களா?

அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் (தலை தட்டிய உலோக முளையின்) தலையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்த பிறகுதான் அதை அடித்துப் பரப்புவார்கள். எனவே தலை வெறும் உலோகமாக இருக்க வேண்டும். அதன்மேல் பெயின்ட் இருந்தாலோ, அந்த இடத்தில் ஸ்க்ரூ இருந்தாலோ, பிரித்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உடம்பில் சிலந்திவலை போல விரிசல், வீக்கம், வளைவு தெரிந்தால் அழுத்தவே அழுத்தாதீர்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் உள்ளிருந்தே உதிரும் நோய் அது. போருக்கு முந்தைய டிங்கிகளில் அதிகம். மருந்து கிடையாது.

படி 6: சீட்டு எழுதி வையுங்கள்

ஈரமில்லாத இடத்தில், வெயில் படாமல், காரோடு ஒரு சீட்டும் இருக்கட்டும். நான் எழுதியது இது: "டிங்கி 40ஜி, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, பச்சை. லிவர்பூல், 1950களின் முற்பகுதி. பெயின்ட் அசல், ரிவெட் பிரிக்கப்படவில்லை. தாத்தாவின் தகரப் பெட்டியில், வேட்டித் துணியில் சுற்றி இருந்தது." அந்தத் துணியையும் மடித்துக் கூடவே வைத்தேன்.